டெல்லியில் ஒரு கையெழுத்து... கோயமுத்தூரில் ஒரு ஆஃபர் லெட்டர்!

2025 ஆகஸ்ட் மாசக் கடைசி. லீவுக்கு திருப்பூர் வந்திருந்தேன். ஒன்றரை ஷிப்டு முடிச்சு ராத்திரி எட்டரைக்கு வர்ற அப்பா, அன்னிக்கு சாயங்காலமே வந்து திண்ணையில் உட்கார்ந்துட்டார். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர்.

‘‘என்னப்பா சீக்கிரம்?’’

‘‘அமெரிக்காக்காரன் வரியை அம்பது பர்சென்ட் ஆக்கிட்டானாமா சாமி. போற சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்கோ. கட்டிங் டேபிள் காலியாக் கிடக்குது’’ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே கேட்டார்... ‘‘நீ படிக்கிற படிப்புக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லீல்ல?’’

நான் கெத்தா பதில் சொன்னேன். ‘‘சாஃப்ட்வேருக்கு துறைமுகமே கிடையாதுப்பா. ஒயர்ல போயிடும். யார் வரி போடுவா?’’

மூணு வாரம்கூட ஆகலை. செப்டம்பர் 19. இனி புதுசா எச்-1பி விசாவுக்கு விண்ணப்பிக்கிற கம்பெனி 1 லட்சம் டாலர் கட்டணும்னு அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்து போட்டார். எங்க ஹாஸ்டல் வாட்ஸ்அப் குரூப் தீப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. மறுநாள் அப்பா போன். ‘‘ஏஞ்சாமி... உங்களுக்கும் போட்டுட்டாங்களாமா?’’

அன்னிக்குத்தான் மண்டைக்குள் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது. என் வேலையை முடிவு பண்றது யார்? நானா, என் சி.ஜி.பி.ஏ.வா, இல்லை எங்கேயோ ஒரு ஆபீஸில் இருக்கிற ஃபைலா?

எங்க காலேஜ் ஆண்டு விழா, சிம்போசியம் எதுவானாலும் மேடையேறும் சிறப்பு விருந்தினர் ஒரு வசனம் பேசுவார். ‘‘கவர்ன்மென்ட் கண்டுக்காம விட்டதாலதான் நம்ம ஐ.டி. வளர்ந்துச்சு!’’ உடனே கைதட்டல் பறக்கும். நானும் தட்டியிருக்கேன். ஆனா லைப்ரரியில் உட்கார்ந்து கொஞ்சம் தோண்டிப் பார்த்தப்போ கதை வேற மாதிரி இருந்தது. இந்தத் தொழிலின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு அரசாங்க ஃபைல் இருக்கு நண்பர்களே. சில ஃபைல் கதவைத் திறந்தது. சில ஃபைல் கதவைச் சாத்தியது. எது எதைத் திறந்ததுன்னு தெரிஞ்சா, நாம இன்னிக்கு ஏன் இந்த வேலைக்குப் போறோம்னும் தெரிஞ்சிடும்.

கம்ப்யூட்டர் வேணுமா? டாலர் கொண்டா!

1970-கள். அந்நியச் செலாவணிக்கு நாட்டில் பயங்கரத் தட்டுப்பாடு. வெளிநாட்டுப் பொருள் எதை வாங்கணும்னாலும் டெல்லியில் அனுமதி வாங்கணும். ஒரு கம்ப்யூட்டர் லட்சக்கணக்கில் விலை, அதுக்கு மேல இறக்குமதி வரி வேற. யார் வாங்க முடியும்?

1970-ல் மத்திய அரசு எலெக்ட்ரானிக்ஸ் துறையைத் தொடங்கியது. 1972-ல் ஒரு திட்டம் வந்தது. கம்ப்யூட்டரை இறக்குமதி பண்ணிக்கோ, தப்பில்லை. ஆனா ஒரு கண்டிஷன். குறிப்பிட்ட வருஷத்துக்குள்ள அந்த மிஷின் விலையைப் போல ரெண்டு மடங்குக்கு சாஃப்ட்வேரை ஏற்றுமதி பண்ணி டாலர் கொண்டு வரணும்!

நம்ம ஊர் பாஷையில் சொன்னா, பாண்டு எழுதிக் கொடுக்கிறது. 1968-ல் ஆரம்பித்த டி.சி.எஸ்., 1974-ல் இப்படித்தான் அமெரிக்காவின் பர்ரோஸ் கம்பெனி கம்ப்யூட்டரைக் கொண்டு வந்தது. மிஷினுக்காக எழுதிக் கொடுத்த கடனை அடைக்க, வெளிநாட்டு கிளையன்ட்டுக்கு புரோகிராம் எழுத ஆரம்பித்தார்கள்.

கவனிச்சீங்களா? இந்தியாவில் இருக்கிற ஆஸ்பத்திரிக்கோ, கலெக்டர் ஆபீஸுக்கோ சாஃப்ட்வேர் எழுதினா கடன் அடையாது. வெளிநாட்டுக்காரருக்கு எழுதினாத்தான் அடையும். ‘ஏற்றுமதி முதல்ல, உள்ளூர் அப்புறம்’ங்கிற பழக்கம் அங்கேயே ஒட்டிக்கிச்சு. அரை நூற்றாண்டுக்கு அப்புறம் நான் கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும்போதும் என் மேல ஒட்டிக்கிட்டு இருக்கிறது அதேதான்!

ஐ.பி.எம். போச்சு... நல்லதா, கெட்டதா?

அடுத்த ஃபைல் 1973-ல் வந்த அந்நியச் செலாவணிச் சட்டம், சுருக்கமா ‘ஃபெரா’. வெளிநாட்டுக் கம்பெனிகள் இந்தியாவில் தங்கள் பங்கைக் குறைச்சுக்கணும்னு கண்டிப்பு. ஐ.பி.எம். அதுக்கு ஒத்துக்காம 1978-ல் மூட்டை கட்டியது.

இதைச் சொன்னதும் ‘ஐயோ, போச்சே’ன்னுதான் எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க. ஆனா மிஷின்கள் இங்கேதானே நிற்குது? அதைப் பழுது பார்க்க ஆள் வேணுமே? அரசு ஏற்கெனவே ஆரம்பிச்சிருந்த சி.எம்.சி. என்ற பொதுத்துறை நிறுவனம் அந்த வேலையைத் தூக்கிக்கிட்டது. ஒரே கம்பெனி மிஷினை மட்டும் தெரிஞ்சு வெச்சிருந்தவங்க, பல கம்பெனி மிஷின்களையும் மேய்க்கக் கத்துக்கிட்டாங்க. பின்னாடி 1980-களில் வங்கிகளுக்கு கம்ப்யூட்டர் வந்தப்போ யூனிக்ஸுக்கு இங்கே முக்கியத்துவம் கிடைச்சுது. யூனிக்ஸும் சி-யும் தெரிஞ்ச பசங்க நம்ம ஊரில் பெருகினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சி.எம்.சி.யை மறந்துடாதீங்க. நாம ரயில் டிக்கெட்டை கம்ப்யூட்டரில் புக் பண்றோமே... 1980-களின் நடுவில் அந்த சிஸ்டத்தை முதலில் டெல்லியில் ஓட்டிக் காட்டியவங்க அவங்கதான். நம்ம நாட்டுப் பிரச்னைக்கு, நம்ம நாட்டு இன்ஜினீயர்கள் எழுதின சாஃப்ட்வேர். இந்தக் கம்பெனி கடைசியில் என்ன ஆச்சுன்னு அப்புறம் சொல்றேன்.

மூணே வாரம்!

1981-ல் பிறந்த இன்ஃபோசிஸ் ஒரு கம்ப்யூட்டரை இறக்குமதி செய்ய டெல்லிக்கு எத்தனை நடை நடந்ததுன்னு நாராயணமூர்த்தி பல மேடைகளில் சொல்லியிருக்கார். கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துறவங்ககிட்ட கம்ப்யூட்டர் கிடையாது. எப்படி இருக்கு கதை!

1984 அக்டோபர் 31-ல் ராஜீவ் காந்தி பிரதமர் ஆனார். நவம்பர் 19-ல் புதிய கம்ப்யூட்டர் கொள்கை வந்துவிட்டது. நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்த இறக்குமதி வரி 60 சதவீதமாக இறங்கியது. சாஃப்ட்வேரும் ஒரு ‘தொழில்’தான்னு அரசு ஒப்புக்கிட்டது. இது பெரிய விஷயம் பாஸ். ‘தொழில்’னு பேர் இருந்தாத்தானே அரசாங்கச் சலுகை, வங்கிக் கடனெல்லாம் கேட்க முடியும்! இந்த மாற்றத்தின் பின்னாடி இருந்தவர்களில் முக்கியமானவர், தேசிய தகவல் மையத்தை உருவாக்கிய அதிகாரி என்.சேஷகிரி. 1986 டிசம்பரில் சாஃப்ட்வேருக்குன்னே தனிக் கொள்கையும் வந்தது.

அதுவரைக்கும் சாஃப்ட்வேர் ஏற்றுமதின்னா, பெரும்பாலும் ஆளை ஏற்றுமதி பண்றதுதான். இன்ஜினீயரை பிளேன் ஏத்தி அமெரிக்காவுக்கு அனுப்புவாங்க. அவர் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்ப்பார். ‘பாடி ஷாப்பிங்’னு கிண்டலாகவே பேர் வெச்சிருந்தாங்க. காரணம் சிம்பிள். எழுதின புரோகிராமை அனுப்ப இங்கே லைன் கிடையாது!

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரு வந்தது. தனக்குன்னு சாட்டிலைட் லிங்க் வேணும்னு கேட்டு, அரசின் அனுமதியோட அதை வாங்கவும் செய்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அமெரிக்காவுக்கு வேலையை அனுப்பலாம்னு முதலில் காட்டியது அந்த டிஷ்தான். ஆனா அவ்வளவு பெரிய கம்பெனிக்குக் கட்டுப்படியாகும். பத்துப் பேர் வெச்சு நடத்துற சின்னக் கம்பெனி என்ன பண்ணும்?

மொட்டை மாடியில் அரசாங்கம்

இங்கேதான் எனக்குப் பிடிச்ச ஃபைல் வருது. சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க்ஸ் ஆஃப் இந்தியா... எஸ்.டி.பி.ஐ. 1991 ஜூனில் தனி அமைப்பாகப் பதிவானது.

அது செய்த வேலை என்ன? அரசே செலவு பண்ணி சாட்டிலைட் ஸ்டேஷன் போட்டது. அதிலிருந்து 64 கே.பி.பி.எஸ். வேகத்தில் கம்பெனிகளுக்கு லைன் கொடுத்தது. நம்ம போனில் ஒரு ரீல்ஸ்கூட ஓடாத வேகம்! ஆனா அன்னிக்கு அது தங்கம். கூடவே வரியில்லாத மிஷின் இறக்குமதி, ஒரே ஜன்னலில் எல்லா அனுமதி, ஏற்றுமதி லாபத்துக்கு வருமான வரி விலக்கு. பதிலுக்கு ஒரே கண்டிஷன்தான்... ஏற்றுமதி பண்ணணும். 1972-ன் அதே பாட்டு, புது மெட்டு!

அதே 1991 ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். சுமார் 21 ரூபாயாக இருந்த டாலர் சுமார் 26 ரூபாய் ஆனது. டாலரில் சம்பாதிக்கிறவனுக்கு ஒரே வாரத்தில் போனஸ். 1998-ல் தனியார் இன்டர்நெட் கம்பெனிகளுக்கு அனுமதி கிடைத்தது. வெளிநாட்டு லைனில் வி.எஸ்.என்.எல்.லுக்கு மட்டும் இருந்த ஏகபோகம் 2002-ல் முடிந்தது.

இப்போ சொல்லுங்க. ‘கண்டுக்காம விட்டாங்க’ங்கிறது சரியா? டிஷ் வாங்கினது யார்? வரியை விட்டுக் கொடுத்தது யார்? ‘தடையா இருக்கிற இடத்தில் விலகினாங்க, தேவையான இடத்தில் செலவு பண்ணினாங்க’ன்னு சொன்னா ஒத்துக்குவேன்.

நம்ம ஊர் ஃபைல்கள்

டெல்லி லைன் போட்டுடுச்சு. லைனின் இந்த முனையில் உட்கார ஆள்? அது மாநில அரசுகளின் கையில்.

1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தமிழ்நாட்டில் சுயநிதி இன்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். அப்புறம் அந்த எண்ணிக்கை ஐநூறைத் தாண்டியது. அதில் எல்லாம் தரமானதுன்னு சொன்னா நீங்களே சிரிப்பீங்க. லேபில் மிஷின் பழுது, புரொஃபசர் வேகன்ஸி... நாம பார்க்காததா? ஆனா வருஷத்துக்கு லட்சக்கணக்கில் பசங்க படிச்சு வந்ததால்தான் கம்பெனிகள் இங்கே வந்து வரிசையில் நின்றன.

1997-ல் தமிழ்நாடு தனக்குன்னு ஐ.டி. கொள்கை வெளியிட்டது. 2000-த்தில் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். டிட்கோ, எல்காட் என்ற ரெண்டு அரசு நிறுவனங்கள் சேர்ந்து கட்டியதால்தான் அந்தப் பேரே. ஓ.எம்.ஆர். ஆறு வழிச்சாலை ஆனதும் கருவேலங்காட்டில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. 2024-ல் விழுப்புரத்துக்கு மினி டைடல் போனது. தஞ்சாவூர், சேலத்துக்கும் அதே வருஷம் வந்தது.

இன்னொரு ஃபைல் எனக்கு ரொம்ப நெருக்கம். குடும்பத்தில் முதல் பட்டதாரியா? கவுன்சலிங்கில் சேர்ந்தா கல்விக் கட்டணம் அரசு கட்டும். 2010-ல் வந்த திட்டம். அட்மிஷனுக்கு முன்னாடி அந்தச் சர்டிஃபிகேட் வாங்க அப்பா மூணு நாள் ஷிப்டு போகாம தாலுகா ஆபீஸ் வாசலில் நின்னார். அந்தப் பேப்பர் இல்லேன்னா இந்தக் கட்டுரையை எழுத நான் இங்கே இல்லை.

கொஞ்சம் கசப்பும் இருக்கு

பலன் என்ன? நாஸ்காம் கணக்குப்படி 2023-24-ல் இந்திய ஐ.டி. துறையின் வருமானம் சுமார் 254 பில்லியன் டாலர். வேலை பார்ப்பவர்கள் சுமார் 54 லட்சம் பேர். சூப்பர்!

ஆனா அந்த 254-ல் சுமார் 200 ஏற்றுமதி. சி.எம்.சி. கதையைச் சொல்றேன்னு சொன்னேனே... நம்ம ரயிலுக்கு சிஸ்டம் எழுதின அந்த நிறுவனத்தை 2001-ல் அரசு டாடாவிடம் விற்றது. 2015-ல் அது டி.சி.எஸ்.ஸோட கலந்து பேரே மறைந்துபோனது.

சர்வீஸ் ஓ.கே., சொந்தமா புராடக்ட் ஏன் குறைவு? திருட்டு சி.டி., சின்ன மார்க்கெட்னு காரணங்கள் பல. கூடவே இதுவும் உண்டு... சலுகையெல்லாம் டாலர் கொண்டு வந்தவனுக்கு. பக்கத்துத் தெரு அரிசி மண்டிக்கு சாஃப்ட்வேர் எழுதினவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அதையும் மீறி ஜெயிச்சவங்க இருக்காங்க. அப்பா கம்பெனி ஆபீஸில் ஓடுவது 1986-ல் பிறந்த டேலி. 2005-ல் வாட் வரி, 2017-ல் ஜி.எஸ்.டி.ன்னு அரசு கணக்கு முறையை மாத்தின ஒவ்வொரு தடவையும் கடைக்காரர்களுக்கு அது இன்னும் தேவைப்பட்டது. அப்ப அங்கேயும் பாலிசிதான்! 1996-ல் ஆரம்பிச்ச ஜோஹோ தென்காசி வரைக்கும் போய் புராடக்ட் எழுதுது. விதிவிலக்குகளே வழி காட்டுது இல்லையா?

சலுகைக்கும் ஆயுசு உண்டு. எஸ்.டி.பி.ஐ. கம்பெனிகளுக்கான வரி விலக்கு 2011 மார்ச்சோடு முடிந்தது. அதுக்கு முன்னாடியே சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம் (2005) வந்து, பெரிய கம்பெனிகள் அங்கே இடம் மாறின. ஐ.டி. மண்டலம்னா குறைஞ்சது 10 ஹெக்டேர் நிலம்னு அன்னிக்கு விதி. எஸ்.டி.பி.ஐ. டிஷ்ஷை நம்பி வாழ்ந்த சின்னக் கம்பெனிக்கு 10 ஹெக்டேர் கனவில்கூட வராது. 2020-க்கு அப்புறம் மண்டலங்களில் ஆரம்பிக்கிற புது யூனிட்களுக்கும் அந்த வரி விலக்கு இல்லை.

வாஷிங்டனும் ஒரு அரசாங்கம்தான்!

நாம ஏற்றுமதிக்குன்னே வளர்ந்ததால், நம்ம ஃபைல்களில் பாதி வெளிநாட்டில் இருக்கு. 1990-ல் அமெரிக்கா எச்-1பி விசாவை உருவாக்கி வருஷத்துக்கு 65 ஆயிரம்னு வரம்பு வெச்சது. ஒய்2கே, டாட்காம் சீஸனில் ஆள் போதலை. 1999-ல் 1 லட்சத்து 15 ஆயிரம், 2001-ல் 1 லட்சத்து 95 ஆயிரம்னு ஏத்தினாங்க. 2004-ல் மறுபடி 65 ஆயிரம். அண்ணன்மார்கள் ஆன்சைட் போனதும், போகாம பெஞ்ச்சில் உட்கார்ந்ததும் இந்த எண்ணுக்கு ஏத்த மாதிரிதான். 2025-ல் வந்த 1 லட்சம் டாலர் கட்டணம் அதே கதையின் அடுத்த பக்கம்.

எங்க ஹாஸ்டல் சீனியர் அண்ணா ஒருத்தர். ஆஃபர் லெட்டர் வாங்கி ஊரெல்லாம் கேக் வெட்டினார். ஜாயினிங் டேட் மட்டும் வரவே இல்லை. எட்டு மாசம். மெயில் போட்டா ‘பிசினஸ் தேவையைப் பொறுத்து’ன்னு ஒரே வரி பதில். அதுவரைக்கும் ஊரில் மாமா மெடிக்கல் ஷாப்பில் பில் போட்டுக்கிட்டு இருந்தார். ‘‘நான் எந்தப் பேப்பர்ல ஃபெயில் ஆனேன்னு தெரியலடா’’ன்னு ஒரு நாள் சொன்னார். அண்ணா, நீங்க எந்தப் பேப்பர்லயும் ஃபெயில் ஆகலை. கிளையன்ட் நாட்டில் செலவைச் சுருக்கினாங்க, அவ்வளவுதான். ஆனா அதை அவர்கிட்ட யாரும் சொல்லலை. எங்க சிலபஸில் அப்படி ஒரு பேப்பரும் இல்லை.

இன்டர்வியூவுக்கு முன்னாடி... கவனிக்க நாலு ஃபைல்!

1. மத்திய பட்ஜெட்: பிப்ரவரி 1. மிடில் கிளாஸுக்கு வரி எவ்வளவுன்னு மட்டும் பார்க்காம, ஐ.டி. ஏற்றுமதி, ஆராய்ச்சி, ஸ்டார்ட்அப்புக்கு என்னன்னும் பாருங்க. 2024 மார்ச்சில் ஏ.ஐ. திட்டத்துக்குன்னு 10 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல ஒப்புதல் கொடுத்தாங்க. அடுத்த வேலைகள் எங்கேன்னு அதில் ஒரு குறிப்பு இருக்கு.

2. விசா செய்தி: எச்-1பி பதிவு மார்ச்சில். தேர்வானவங்க வேலையில் சேர்வது அக்டோபரில். அந்த நேரத்தில் வர்ற அறிவிப்புகளை மிஸ் பண்ணாதீங்க.

3. டாலர் ரேட்: ரூபாய் இறங்கினா பெட்ரோலுக்கு வருத்தம், சாஃப்ட்வேர் கம்பெனிக்கு கொஞ்சம் சந்தோஷம்!

4. அரசாங்க டெண்டர்: ஜி.எஸ்.டி., வருமான வரி, பாஸ்போர்ட்னு நம்ம அரசும் இப்போ பெரிய கிளையன்ட். உள்ளூர் வேலையும் வேலைதான்.

கடைசியா...

பாலிசியெல்லாம் நமக்கு எதுக்குன்னு ஒதுங்கினோம்னா, நம்ம தலையில் என்ன எழுதறாங்கன்னே தெரியாம போயிடும். நல்லா படிச்சா வேலைங்கிறது பாதி உண்மை. 1984-ல் படிச்சவனும் புத்திசாலிதான், 1994-ல் படிச்சவனும் புத்திசாலிதான். நடுவில் ஒரு டிஷ் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். அந்த டிஷ்ஷை யாரோ கேட்டாங்க, யாரோ கையெழுத்துப் போட்டாங்க. இன்னிக்கு என்ன கேட்கணும்? என் லிஸ்ட்டில் முதல் வரி, உள்ளூருக்கு சாஃப்ட்வேர் எழுதறவனுக்கும் அந்தப் பழைய டாலர் மரியாதை. உங்க லிஸ்ட்டை நீங்க போடுங்க. ஓட்டுரிமை வந்து ரெண்டு வருஷம் ஆச்சு நமக்கு!

இதையெல்லாம் லீவில் அப்பாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, டீயை ஆத்திக்கிட்டே சொன்னார்... ‘‘அப்ப நானும் நீயும் ஒரே கம்பெனிலதான் வேலை செய்யறோம்னு சொல்லு சாமி!’’